ஆன்டிவைரஸை நீக்கி மறுபடி நிறுவியும் பழைய கடவுச்சொல்லையே கேட்கிறதா?

நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியில் இருந்த ஆன்டிவைரஸின் அமைப்புகளை மாற்றப் போனார். கடவுச்சொல் கேட்டது. எப்போதோ வைத்தது, நினைவில்லை. மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து அப்படியே செய்தார். புதிதாக நிறுவியதும் அதே கடவுச்சொல்லைக் கேட்டது. மூன்றாம் முறையும் இப்படியே ஆனதும், கணினிக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பயந்துபோய் என்னை அழைத்தார்.

எதுவும் புகவில்லை. மென்பொருளின் நிரல் கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். நாம் செய்துவைத்த அமைப்புகள் வேறிடத்தில் இருக்கும். விண்டோஸில் நிரல் பெரும்பாலும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் உட்காரும். அமைப்புகளோ ‘புரோகிராம்டேட்டா’ என்ற மறைக்கப்பட்ட கோப்புறையிலும், ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டிலும் இருக்கும். வழக்கமான முறையில் நீக்கும்போது முதலாவது போய்விடும். இரண்டாவது பல நேரங்களில் அப்படியே தங்கிவிடும். மீண்டும் நிறுவுபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டாமே என்பதற்காகத் தயாரிப்பாளர்களே இப்படி வைக்கிறார்கள். கடவுச்சொல்லும் அந்த அமைப்புகளோடு சேர்ந்து தங்குகிறது.

இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பாதுகாப்பை அணைக்க நினைக்கும் ஒரு தீநிரலும் முதலில் ஆன்டிவைரஸை நீக்கத்தான் பார்க்கும். நீக்கி நிறுவினாலே திறந்துகொள்ளும் பூட்டு, பூட்டே அல்ல. ஆகவே பூட்டை உடைக்க முயலாமல், அது தங்கியிருக்கும் இடத்தையே முழுதாகத் துடைக்க வேண்டும். அதற்கு முறையான வழி இருக்கிறது.

முதலில்: கேட்பது எந்தக் கடவுச்சொல்?

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆன்டிவைரஸோடு தொடர்புள்ள கடவுச்சொற்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் மின்னஞ்சல் கொடுத்துத் தொடங்கிய கணக்கின் கடவுச்சொல் ஒன்று. அதை மறந்தால் அந்தத் தளத்தின் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா’ இணைப்பே போதும். கணினியில் எதையும் தொட வேண்டியதில்லை. அமைப்புகளைத் திறக்கவோ மென்பொருளை நீக்கவோ கேட்கும் கடவுச்சொல் இன்னொன்று. கணினியிலேயே பதிந்திருப்பது இதுதான். இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

மூன்றாவதாக, சில தொகுப்புகளில் கோப்புகளை மறையாக்கம் செய்து வைக்கும் பெட்டகம் இருக்கும். அதன் கடவுச்சொல்லைத்தான் மறந்திருக்கிறீர்கள் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். கீழே வரும் படிகள் அந்தப் பெட்டகத்தைத் திறக்காது. உள்ளே இருப்பதை இழக்கவும் வைக்கலாம்.

கணினி அலுவலகத்துக்கோ கல்வி நிறுவனத்துக்கோ உரியது என்றாலும் இதைச் செய்யாதீர்கள். அங்கே கடவுச்சொல் மைய நிர்வாகக் கணினியிலிருந்து வருகிறது. நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் திரும்பி வந்துவிடும். அதைக் கவனிக்கும் நிர்வாகியிடம் கேளுங்கள்.

துடைப்பதற்கு முன் இரண்டு நிமிடம்

கேப்ஸ் லாக் எரிகிறதா என்று பாருங்கள். விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழில் அடிக்கடி தட்டச்சு செய்பவர்களுக்கு இது உண்மையாகவே நேரும்: திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், ஆங்கில எழுத்து விழவில்லை என்பது தெரியாமலே போய்விடும். நோட்பேடைத் திறந்து கடவுச்சொல்லை அங்கே அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

கடவுச்சொல் கேட்கும் பெட்டியிலேயே மீட்டெடுக்கும் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மென்பொருள்களில், உரிமம் பதிவுசெய்த மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பிப் புதுக் கடவுச்சொல் வைக்க விடுவார்கள். அது இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

தயாராகுங்கள்

உரிமச் சாவி அல்லது கணக்கின் மின்னஞ்சலைத் தாளில் எழுதிவையுங்கள். புதிய நிறுவல் கோப்பை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுத் தனியே பூட்டிவைத்த, அதாவது தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகள் துடைப்பில் போய்விடும். பெட்டகத்தில் ஏதாவது வைத்திருந்து, அதன் கடவுச்சொல் தெரியும் என்றால் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் ஆன்டிவைரஸைத் தங்கிவிடும் அமைப்புகளோடு சேர்த்துத் துடைக்கும் நீக்கும் கருவி. ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் இதை இலவசமாகவே தருகிறார்கள். அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஏவிஜிக்கு ஏவிஜி கிளியர், ஈசெட்டுக்கு ஈசெட் அன்இன்ஸ்டாலர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவிரிமூவர், மெக்காஃபிக்கு எம்சிபிஆர். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடவுச்சொல் மறந்து பதற்றத்தில் தேடுபவரைக் குறிவைத்தே போலி ‘கடவுச்சொல் மீட்புக் கருவி’களும், உதவி மையம் என்று சொல்லிக்கொள்ளும் தொலைபேசி எண்களும் காத்திருக்கின்றன. கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள்.

சேஃப் மோடில் நுழைவது

வழக்கமாக இயங்கும் விண்டோஸில் ஆன்டிவைரஸ் தன் கோப்புகளைத் தானே காவல் காக்கும். யாரையும் அழிக்க விடாது. சேஃப் மோடில் விண்டோஸ் மிகத் தேவையானவற்றை மட்டுமே ஏற்றுவதால், அந்தக் காவல் பெரும்பாலும் எழுவதில்லை. அதனால்தான் இந்தச் சுற்று வழி.

1. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள்.

2. நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், கடைசியாக ரீஸ்டார்ட்.

3. கணினி மீண்டும் எழும்போது ஒரு பட்டியல் தெரியும். 4 என்ற எண்ணை அழுத்துங்கள். கருவிக்கு இணையம் தேவைப்பட்டால் 5.

இடையில், வட்டை மறையாக்கம் செய்து காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது 48 இலக்க எண். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தொடங்குவதற்கு முன்பே எடுத்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: சேஃப் மோடில் சில கணினிகள் பின் எண்ணை ஏற்காது, விண்டோஸ் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கேட்கும். அதுவும் மறந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவி வழியாக ‘சேஃப் பூட்’ பெட்டியில் குறியிடச் சொல்லும் விளக்கங்களையும் பார்த்திருப்பீர்கள். தொடக்கநிலையாளருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் குறியை எடுக்கும் வரை கணினி ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும். உள்ளே நுழையக் கடவுச்சொல் தெரியாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

துடைப்பது

கருவியின் மீது வலப்புறம் சொடுக்கி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய கோப்புறையையும் பதிப்பையும் கேட்டால், நீங்கள் வைத்திருந்த பதிப்பையே சரியாகக் காட்டுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். செய்யுங்கள்.

கோப்புறைகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் கையாலேயே தேடி அழிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஆன்டிவைரஸ் விண்டோஸின் ஆழத்தில் டிரைவர்கள் என்ற அடிப்படை நிரல்களைப் பதித்து வைத்திருக்கும். ஒன்றை விட்டு ஒன்றை அழித்தால் இணையம் போகலாம், கணினி எழாமலே போகலாம்.

மறுபடி நிறுவும் வரை கணினி காவலின்றி இருக்கிறதே என்று பதற வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்று தெரிந்ததும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும்.

புதிதாக நிறுவுவது

இறக்கிவைத்த நிறுவல் கோப்பை இயக்குங்கள். பழைய அமைப்புகளை மீட்கவா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். முன்பு சேமித்துவைத்த அமைப்புக் கோப்பு ஏதாவது இருந்தாலும் அதை இறக்குமதி செய்யாதீர்கள். பழைய கடவுச்சொல் அதன் வழியாகவே திரும்ப வரக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்கிறது என்றால், கருவியில் தேர்ந்தெடுத்த பதிப்பு தவறியிருக்கலாம். அதே படிகளை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அப்போதும் தீராவிட்டால், உரிமச் சாவியோடு தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

திறந்துவிட்டதா? புதுக் கடவுச்சொல்லை வைத்த கையோடு ஒரு தாளிலோ கடவுச்சொல் மேலாளரிலோ எழுதிவிடுங்கள். பிறகு அமைப்புகளை மூடி, மறுபடி திறந்து, எழுதியதைப் பார்த்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.