வெளிநாட்டுச் சுடிதார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மலேசியாவின் கிள்ளானில் துணிக்கடை நடத்துகிறேன். "இணையத்தில் இன்னும் மலிவு" என்று கைப்பேசியை நீட்டுபவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

முதலில், பொருள் எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்று பாருங்கள். வெளிநாடு என்றால், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்போகாத பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வரி பொருளின் விலைக்கு மட்டுமே, அனுப்பும் கட்டணத்துக்கு இல்லை. 40 வெள்ளிச் சுடிதாருக்கு வரி 4, அனுப்பும் கட்டணம் 6 என்றால் மொத்தம் 50. அந்த 50-ஐக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

நாங்கள் மொத்தமாக இறக்கும் சரக்குக்கு வரி கட்டிக்கொண்டிருந்தபோது சின்னப் பொட்டலங்கள் வரியின்றி வந்தன. இந்த வரி நியாயமானது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அடுத்து, கடைக்கு வந்து சுடிதாரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணி விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். படத்தில் அது தெரியாது. அளவு சரியில்லையென்றால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.