குவாட் 33 பிரீஆம்ப்ளிஃபயரில் விட்டுவிட்டு வரும் கோளாறுகளைச் சரிசெய்தல்

இங்கிலாந்தின் ஹன்டிங்டனிலிருந்து 1967-இல் வெளிவந்த குவாட் 33 பிரீஆம்ப்ளிஃபயரை (ஒலி தரும் கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒலியளவைச் சரிசெய்து பவர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்க ஒலி திடீரென நின்றுபோய், ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தியதும் திரும்பி வருவது இதில் அடிக்கடி காணப்படும் கோளாறு. அதற்காக எடுத்த எடுப்பிலேயே கான்டாக்ட் கிளீனரை (மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) அடித்துவிடக் கூடாது. கோளாறு சில வாரங்களுக்கு மறைந்திருக்குமே தவிர, எந்த இணைப்பு பழுது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் பவர் ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் இடது, வலது இணைப்புகளை மாற்றிப் பாருங்கள். முன்பு நின்ற அதே ஸ்பீக்கரிலேயே ஒலி நின்றால் பழுது பவர் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது; ஒலி நிற்கும் ஸ்பீக்கர் மாறினால் பிரீஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு ஒலி தரும் கருவியிலோ இருக்கிறது. அடுத்து வேறோர் உள்ளீட்டில் கேளுங்கள். ஓர் உள்ளீட்டில் மட்டும் தொல்லை என்றால் அதன் பொத்தானையும் பின்புற டின் (DIN) எனும் வட்டமான பல முனை சாக்கெட்டையும், எல்லாவற்றிலும் என்றால் வால்யூம், பேலன்ஸ், உள்ளிருக்கும் பலகைகள் ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சர்க்யூட் பலகைகள் சாக்கெட்டுகளில் செருகப்பட்டவை. ஐம்பதாண்டு அழுக்கு சேர்வது இங்கேதான். பலகையை நேராக இழுத்து, அதன் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். பிறகு பலகையைச் சிலமுறை செருகி எடுத்தால் சாக்கெட்டின் உள்முனைகளும் ஓரளவு சுத்தமாகும். சாக்கெட் கால்கள் பற்றவைக்கப்பட்ட இடங்களை உருப்பெருக்கியில் பார்க்கும்போது, காலைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரிந்தால் அது விரிசல்; புதிய ஈயம் சேர்த்து மீண்டும் பற்றவையுங்கள். என் கணிப்பில், பொத்தான்மீது பழி விழும் கோளாறுகளில் பல உண்மையில் இந்த விரிசலால் வருபவை.

பொத்தான்களுக்கு இடுக்கு வழியே சிறிதளவு கிளீனர் செலுத்திப் பலமுறை அழுத்தி விடுவித்தால் போதும். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அதையும் அவ்வாறே சுத்தம் செய்யலாம். சில நாளிலேயே கரகரப்பு திரும்பினால் குறை பொட்டென்ஷியோமீட்டரில் (வால்யூம் குமிழுக்குப் பின்னுள்ள மாறு மின்தடை) இல்லாமலிருக்கலாம்: அதற்கு முன்னுள்ள கப்பாசிட்டர் கசிந்தால், ஒலியோடு டிசி மின்னழுத்தமும் பொட்டென்ஷியோமீட்டர்மீது விழும். இதை மல்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம். ஆனால் மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இன்னொரு தொல்லை பழுதே அல்ல. ரேடியோ உள்ளீட்டுக்கு 100 மில்லிவோல்ட் போதும். சிடி பிளேயரோ 2 வோல்ட் வரை தருகிறது. ஆகவே குமிழை இம்மியளவு திருப்பினாலே வீடு அதிர்கிறது, அந்தத் தொடக்கப் பகுதியில் இடது வலது அளவுகளும் சரியாகப் பொருந்துவதில்லை. இணைப்புக் கம்பியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதன் பிரீஆம்ப்ளிஃபயர் முனையிலிருந்து எர்த்துக்கு 1 கிலோஓமையும் பற்றவைத்தால் சிக்னல் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். இரு பக்கமும் சமமாக இருக்க மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் மாறாத ரெசிஸ்டர்களையே வாங்குங்கள்.