ஹவாய் பேக்கரிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஹவாய்க்குப் போகிறவர்கள் கடற்கரை, எரிமலை, பேர்ல் ஹார்பர் என்று பட்டியல் போடும்போது கடைசியில் "மலசாடா சாப்பிடணும்" என்று ஒரு வரியும் எழுதிக்கொள்கிறார்கள் (மலசாடா என்பது சர்க்கரையில் புரட்டிய, ஓட்டை இல்லாத டோனட் மாதிரி ஒரு பலகாரம்). நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே உள்ள பேக்கரிகளில் பல சின்னக் கடைகள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வேலைக்குப் போகிற வழியில் அலுவலகத்துக்கு ஒரு டஜன், வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒரு கேக் என்று வாங்கிப் போவதை நம்பி நடக்கிறவை. நம்மைப் போல வந்துபோகிற ஆட்கள் அவர்களுக்குக் கூடுதல் வரவு, அவ்வளவுதான். இதை மறந்துவிட்டுப் போவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தாமதமாகப் போவது. விடுமுறைதானே என்று பத்து மணிக்கு எழுந்து, குளித்து, நிதானமாகக் கிளம்பினால் தட்டுகள் காலியாக இருக்கும். மாவி தீவின் மலைப்பக்கம் மக்காவாவோ என்று ஒரு சின்ன ஊர், மாடு மேய்ப்பவர்களின் பழைய ஊர். அங்கே கோமோடா என்ற கடை 1916-இலிருந்து இருக்கிறது. உருண்டை டோனட்களைக் குச்சியில் கோத்து விற்பார்கள், க்ரீம் பஃபும் பிரபலம். காலையில் கடை திறந்ததும் வரிசை நிற்கும், சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி சுட்டுப் போடமாட்டார்கள். இப்படிப்பட்ட கடைகளுக்கு வார விடுமுறையும் ஞாயிறாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, வார நடுவிலும் மூடுவார்கள். அதனால் மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு டஜனுக்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, ஹவாய் என்றாலே அன்னாசி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியில் அன்னாசியைத் தேடுவது. (ஹவாயன் பீட்சாவே 1962-இல் கனடாவில் பிறந்தது, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.) இந்தப் பெட்டியில் இருப்பது கரும்புத் தோட்டங்களின் கதை. கூலி வேலைக்குச் சீனர்கள் வந்தார்கள், அப்புறம் ஜப்பானியர்கள், 1878-இலிருந்து மதீராவிலும் அசோர்ஸ் தீவுகளிலும் இருந்து போர்ச்சுகீசியர்கள், பிறகு ஒக்கினாவாக்காரர்கள், கொரியர்கள், பிலிப்பினோக்கள். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பலகாரம் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே வேறு ஒன்றாக மாறியது. மலசாடாவும் ஸ்வீட் பிரெட்டும் போர்ச்சுகீசியருடையவை, மோச்சி என்கிற ஒட்டும் அரிசிப் பலகாரமும், பயறுப் பூரணம் வைத்த அன்பான் என்கிற பன்னும் ஜப்பானியருடையவை, அண்டாகி என்கிற உருண்டை வடிவப் பொரித்த பலகாரம் ஒக்கினாவாவிலிருந்து வந்தது, ஊபே என்கிற ஊதா நிறக் கிழங்கு பிலிப்பைன்ஸிலிருந்து. மண்ணின் மக்களுடைய பங்கு என்றால் தேங்காய்ப்பாலில் செய்கிற ஹௌபியா, சேப்பங்கிழங்கில் செய்கிற குலோலோ மாதிரியானவை. எனவே கல்லாவில் இருப்பவரைப் பார்த்து "நீங்கள் ஹவாயன்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பெயர் அங்கே பூர்வகுடிகளுக்கு மட்டும் உரியது, அவர் நான்காம் தலைமுறை ஜப்பானியராக இருக்கலாம். வயதில் மூத்தவர்களை ஆண்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுகிற பழக்கம் அங்கேயும் உண்டு, அந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சிரமமே இல்லை.

சரி, மலசாடாவுக்கு வருவோம். இங்கேதான் ஆட்கள் அதிகமாகச் சொதப்புகிறார்கள். முட்டையும் பாலும் சேர்த்து ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவை ஓட்டை இல்லாமல் பொரித்து, சர்க்கரையில் புரட்டுவது, செய்முறை அவ்வளவுதான். ஹொனலுலுவில் காபஹுலு அவென்யூவில் இருக்கிற லெனார்ட்ஸ் பேக்கரி 1952-இல் தொடங்கியது. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கு மலசாடா போடலாமே என்று முதலாளியின் அம்மா யோசனை சொல்ல, அது பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் அங்கே மலசாடா நாள். நோன்புக்கு முன்னால் வீட்டில் இருக்கிற கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துவிடுகிற பழைய வழக்கம். அன்றைக்குத்தான் உங்கள் பயணத் தேதி என்றால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வரிசையையே திருவிழாவாக எடுத்துக்கொள்வது, அல்லது வேறு நாள் போவது. ஒரு அவசர வேலைக்கு நடுவே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மலசாடாவை வாங்கிப் பெட்டியை மூடி ஓட்டலுக்கு எடுத்துப்போய், சாயங்காலம் கடலைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. சூடான பண்டத்தை மூடி வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றும், சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும், மேல் தோலின் முறுகல் போய்விடும். கடை வாசலிலேயே ஒன்றைத் தின்றுவிடுங்கள், மீதி உள்ள பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தபடி எடுத்துப்போங்கள். கார் சீட்டில் சர்க்கரை கொட்டும், கொட்டட்டும். மறுநாள் சூடு பண்ண வேண்டுமென்றால் ஓவனில் சில நிமிடம் போதும், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.

உள்ளே க்ரீம் வைத்தது வாங்கலாமா, சாதா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் சாதா. கஸ்டர்ட், ஹௌபியா, டோபாஷ் எனப்படுகிற சாக்லேட், கொய்யா, லிலிகோய் என்று எல்லாம் ஆசைகாட்டும், ஆனால் முதல் கடியே க்ரீமில் போனால் மாவு எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். ரெண்டாவதாக லிலிகோய் எடுங்கள். அது பேஷன் ஃப்ரூட், அந்தப் புளிப்புக்கும் பொரித்த மாவுக்கும் நன்றாக ஒத்துப்போகும். கடிக்கும்போது க்ரீம் ஏற்றிய ஓட்டை இருக்கிற பக்கத்தை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சட்டை போச்சு.

லிலிஹா பேக்கரி இன்னொரு வகை. 1950-இல் ஆரம்பித்த கடை, கோகோ பஃப்தான் புகழ். உள்ளே சாக்லேட், மேலே சாண்டிலி. அந்த சாண்டிலியைப் பார்த்து அடித்த க்ரீம் என்று நினைத்து வாயில் வைப்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். ஹவாயில் அது வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, பால் இதெல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கெட்டி மேற்பூச்சு, லேசாக உப்புக் கரிக்கும். சுரண்டி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டால் அந்தப் பஃபுக்கு அர்த்தமே இல்லை, சாக்லேட்டையும் அதையும் ஒரே வாயில் சாப்பிட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, பெட்டியை வாங்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுவது. உள்ளே ஸ்டூல் போட்ட கவுண்டர் இருக்கிறது, உட்கார்ந்து காலைச் சாப்பாடே முடிக்கலாம். கல்லில் வாட்டிய பட்டர் ரோலோடு சிவப்பு ஜெல்லி தருவார்கள், அதற்காகவே நான் கவுண்டரில் இடம் காத்து உட்காருவேன்.

தூரத்தை யோசிக்காமல் போவதும் உண்டு. ஹொனலுலு இருக்கிற ஓவாஹு தீவின் வடக்குக் கரையில் சன்செட் பீச் பக்கம் இருக்கிற டெட்ஸ் பேக்கரியின் சாக்லேட் ஹௌபியா பை (pie) மிக நல்ல பண்டம். ஆனால் குளிர்காலத்தில் பெரிய அலைகள் வருகிற நாட்களில் அந்த ஒற்றைச் சாலை அப்படியே நின்றுவிடும். அந்தப் பண்டத்துக்காக மட்டும் என்றால் போகாதீர்கள், ஹொனலுலுவின் சூப்பர்மார்க்கெட்டிலேயே அதே பை கிடைக்கும். அந்தப் பக்கம் கடலுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். பெரிய தீவு என்று அழைக்கப்படுகிற ஹவாய் தீவில் நிலைமை தலைகீழ். ஹோனோகாவில் டெக்ஸ் ட்ரைவ் இன்னின் சதுர மலசாடாவும், நாஆலேஹுவில் புனலுவு கடையின் ஸ்வீட் பிரெட்டும் எப்படியும் நீங்கள் காரில் போகிற வழியிலேயே வரும், நிறுத்தாமல் தாண்டிவிடாதீர்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க: மனபுவா என்று வெள்ளை வெளேர் என்று இருக்கிற பன்னை இனிப்பு என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள், உள்ளே பொதுவாகப் பன்றி இறைச்சிதான். வேறு பூரணம் வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். லிலிகோய் சிஃபான் பையில் ஜெலட்டின் இருக்கும். முட்டை கிட்டத்தட்ட எல்லா கேக்கிலும் பன்னிலும் உண்டு. ஹௌபியா மட்டும் பயமில்லாதது, தேங்காய்ப்பால், சர்க்கரை, சோளமாவு, அவ்வளவுதான். ஆனால் அதுவே பை பலகாரத்துக்குள் போனால் கதை வேறு. பட்டர் மோச்சி அரிசி மாவில் செய்வது என்பதால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆசையாக எடுப்பார்கள். அதே தட்டில், அதே கத்தியில் வேறு கேக்கும் வெட்டப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையும் வெண்ணெயும் அதிலும் உண்டு. மெல்லும்போது யாழ்ப்பாணத்துத் தொதல் நினைவுக்கு வரும், பல்லில் ஒட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள். வரிசையில் நிற்கும்போதே என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள், ஜன்னலுக்கு முன்னால் நின்று குடும்ப ஆலோசனை நடத்தாதீர்கள், பின்னால் இருப்பவர் வேலைக்குப் போகிறவர். விலைப் பலகையில் வரி சேராது, ஓவாஹுவில் நாலரை சதவீதத்துக்கு மேல் கூடும். அங்கே கேரி பேக்குக்குத் தனியாகக் காசு, குறைந்தது 15 சென்ட், அதனால் துணிப்பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய கடைகளில் கார்டு வாங்கமாட்டார்கள். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், பலகாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகத் திட்டமிடுகிறீர்கள் என்றால் மலசாடாவை விட்டுவிடுங்கள், அது பயணத்துக்கு ஆகாத பண்டம். க்ரீம் வைத்த எதுவும் வேண்டாம். ஸ்வீட் பிரெட்டும் பட்டர் மோச்சியும் தாங்கும். அமெரிக்க நிலப்பகுதிக்குப் போகிற விமானமானால் ஹவாய் விமான நிலையத்தில் வேளாண் சோதனை உண்டு. பெரும்பாலான புதுப் பழங்களைத் தடுப்பார்கள், சுட்ட பண்டத்தைத் தடுக்கமாட்டார்கள். ரொட்டியைக் கைப்பையில் மேலாக வையுங்கள், பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தால் இறங்கும்போது அப்பளமாகியிருக்கும்.