பிரிட்டனில் உங்கள் முதல் பொதுத்தேர்தல்

குடியுரிமை வாங்காதவனுக்கு ஓட்டு ஏது என்று நினைத்து, 2010 பொதுத்தேர்தலைச் சோபாவில் உட்கார்ந்தே பார்த்து முடித்தேன். மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "இந்தியப் பாஸ்போர்ட்தானே தம்பி? பதிந்திருந்தால் நீங்களும் போட்டிருக்கலாமே."

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டவர் முறையான விசாவுடன் இங்கே வசித்து, 18 வயதும் நிறைந்திருந்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இருபது வருடமாக இங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு அந்த உரிமை இல்லை. போன மாதம் ஹீத்ரோவில் இறங்கிக் குடியேறிய உங்களுக்கு உண்டு. பேரரசு விட்டுச்சென்ற விசித்திரங்களில் நமக்குச் சாதகமானது இது.

பெயர் தானாகப் பட்டியலில் ஏறும் என்று இருந்துவிடாதீர்கள். அரசின் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணை (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வங்கிக் கடன் கேட்டுப் போகும்போதும் பட்டியலில் பெயர் இருப்பது கைகொடுக்கும்.

இனி, யாருக்குப் போடுவது என்ற கதை. தொலைக்காட்சியில் நாள் முழுக்கத் தலைவர்களின் முகம்தான். 2024இல் அப்போதைய பிரதமர் சுனக் தேர்தலை அறிவித்தபோது மழையில் தொப்பலாக நனைந்தது, லிபரல் டெமாக்ரட் தலைவர் எட் டேவி விண்டர்மியர் ஏரியில் துடுப்புப் பலகையிலிருந்து விழுந்தது என்று அலுவலகம் முழுக்க அதே பேச்சு. ஆனால் உங்கள் வாக்குச்சீட்டில் அந்தத் தலைவரின் பெயர் இருக்காது, அவர் உங்கள் தொகுதியிலேயே நின்றால் தவிர. பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022இல் ஜான்சன், டிரஸ், சுனக் என மூன்று பேர் அந்த நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு பொதுத்தேர்தலும் நடக்கவில்லை.

முகத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. 2010இல் முதன்முதலாக நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் ஒரே இரவில் நட்சத்திரமானார். "நிக் சொல்வதை ஏற்கிறேன்" என்று பிரதமர் பிரவுனே சொல்லும் அளவுக்கு. எண்ணி முடித்தபோது, 2005இல் 62 ஆக இருந்த அவர் கட்சியின் இடங்கள் 57 ஆகியிருந்தன. நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் பிடித்திருப்பதில் இங்கே பயனில்லை; ஒரு தொகுதியில் முதலில் வர வேண்டும். 2024இல் ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீத வாக்கு, 5 இடங்கள். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 12 சதவீதம், 72 இடங்கள்!

நம்மவர் என்ற பாசத்துக்கும் இதே கணக்குதான். உமா குமரன் 2015இல், தமிழர் நிறைய வாழும் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் நின்று தோற்றார். 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

நம் ஊரில் தொகுதிப் பங்கீடு, ஆறு சீட்டா எட்டு சீட்டா என்ற இழுபறி எல்லாம் தேர்தலுக்கு முன்பே நடந்து முடியும். இங்கே பெரிய கட்சிகள் ஏறத்தாழ எல்லா இடத்திலும் தனித்தனியாகவே நிற்கும். 2019இல் கன்சர்வேட்டிவ் கையிலிருந்த 317 தொகுதிகளில் பிரெக்ஸிட் கட்சி ஒதுங்கிக்கொண்டது போன்றவை அபூர்வம். ஆகவே கட்சிகள் செய்யாத கூட்டணியை வாக்காளரே பென்சிலால் செய்துகொள்கிறார். டேக்டிகல் வோட்டிங் என்கிறார்களே, அது இதுதான்: பிடிக்காதவர் தோற்க வேண்டும் என்று, அவரை வீழ்த்தக்கூடிய இன்னொருவருக்குக் குத்துவது.

பிள்ளையார் கோவிலுக்காக நாம் எல்லோரும் போகும் விம்பிள்டனையே எடுத்துக்கொள்வோம். 2019இல் அங்கே கன்சர்வேட்டிவ் வேட்பாளர் லிபரல் டெமாக்ரட்டின் பால் கோலரை வெறும் 628 வாக்குகளில் வென்றார். மூன்றாவதாக வந்த தொழிற்கட்சிக்கு 12,000க்கும் மேல் விழுந்திருந்தது. அதில் ஆயிரம் பேர் கை மாற்றிக் குத்தியிருந்தால் முடிவே வேறு. 2024இல் கோலர் வென்றார்.

அதனால் முதலில் உங்கள் தொகுதியில் போன முறை இரண்டாவதாக வந்தது யார் என்று பாருங்கள். கட்சிகளின் துண்டறிக்கையில் உள்ள பட்டை வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். "இங்கே எங்களால் மட்டுமே அவர்களைத் தோற்கடிக்க முடியும்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, தங்கள் பட்டையை மட்டும் தென்னை மரம்போல் வளர்த்திருப்பார்கள். அடியில் எறும்பு அளவு எழுத்தில், அது கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தல் கணக்கு என்று இருக்கும். ஒருமுறை என் வீட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகளின் தாள்கள் வந்தன. இரண்டிலும் 'இரண்டாம் இடம்' அவரவருடையதே.

650 இடங்களில் 326 கிடைத்தால் பெரும்பான்மை. வட அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சி உறுப்பினர்கள் அவைக்கே வருவதில்லை, சபாநாயகரும் வாக்களிப்பதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். யாருக்கும் கிடைக்காவிட்டால்தான் பேரம் தொடங்கும், அதுவும் முடிவு வந்த பிறகு. 2010இல் கன்சர்வேட்டிவ் தலைவர் கேமரனின் 306ஐயும் கிளெக்கின் 57ஐயும் சேர்த்து ஆட்சி அமைக்க ஐந்து நாட்கள் பிடித்தன. பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் லிபரல் டெமாக்ரட்டுகள். அவர்கள் பங்கேற்ற அரசே அதை 9,000 பவுண்ட் வரை ஏற்றியது. 2015இல் அவர்களுக்கு மிஞ்சியது 8 இடங்கள். சின்னக் கட்சி பெரிய கட்சியோடு சேர்ந்தால் அடி யாருக்கு விழும் என்பது நமக்குப் புதிய பாடமில்லை. 2017இல் வட அயர்லாந்தின் டியூபி கட்சி கெட்டிக்காரத்தனமாக அமைச்சர் பதவியே கேட்கவில்லை. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மேயின் 317க்குத் தன் 10 பேரின் ஆதரவைக் கொடுத்து, தன் பகுதிக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டை வாங்கிக்கொண்டது.

வாக்குப்பதிவு பெரும்பாலும் வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. விடுமுறை கிடையாது, விரலில் மையும் கிடையாது. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும், காலாவதியாகியிருந்தாலும் முகம் உங்களைப்போல் இருந்தால் சரி. வாசலில் கட்சிப் பட்டை குத்திக்கொண்டு நிற்பவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். யார் வந்துவிட்டார்கள் என்று கணக்கெடுக்கத்தான். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. உள்ளே ஒரு பென்சில் கட்டித் தொங்கும். சொந்தப் பேனாவும் கொண்டுபோகலாம். இலங்கையில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), விருப்பு வாக்குக்கு மூன்று என்று பழகியவர்கள் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்: இங்கே ஒரே ஒரு புள்ளடிதான், இரண்டு பேருக்குப் போட்டால் சீட்டு செல்லாது.