சமையல் புத்தகம்: அடுப்பிலிருந்து அச்சுக்கு

முதலில் தராசு வாங்குங்கள். ‘ஒரு கைப்பிடி’ எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும். வாசிப்பவர் கைக்குத் தெரியாது. சமைக்கும்போதே கிராமில் நிறுத்து, எண்ணெய்க்கறை படிந்த நோட்டில் எழுதினேன். பொருள்களைச் சேர்க்கும் வரிசையிலேயே பட்டியலிடுங்கள்.

பிறகு, சமைத்துப் பழகாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். ‘வெங்காயம் வதங்கியதும்’ என்ற வரியில் என் தோழி கரண்டியோடு திகைத்து நின்றாள். ‘ஓரம் பொன்னிறமாகும்வரை, சுமார் 8 நிமிடம்’ என்று அன்றே திருத்தினேன். இந்தச் சோதனையை மட்டும் விடவே கூடாது.

படங்கள் அச்சளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். நீங்களே வெளியிட்டால் புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் வாங்க வேண்டும். பதிப்பகம் என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாதிரிப் பிரதியை அடுப்பருகே விரித்து வையுங்கள். தானாக மூடிக்கொண்டால், தாள்களை நூலால் தைக்கும் தையல் கட்டு கேளுங்கள்.