ஏ320-ல் வந்து வந்து மறையும் கோளாறை எப்படிப் பிடிப்பது

ஏஎம்இ என்ற விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு, பறப்புகளுக்கு நடுவே விமானத்தைப் பார்க்கும் லைன் மெயின்டனன்ஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு ஏர்பஸ் ஏ320 பற்றிக் காதில் விழும் முதல் பேச்சே "அது அப்படித்தான், தானா கோளாறு காட்டும், தானா சரியாகிடும், ரீசெட் பண்ணி அனுப்பிடு" என்பதுதான். அந்தப் பேச்சைத் தயவுசெய்து நம்பாதீர்கள். டிஜிட்டல் ஃப்ளை-பை-வயரோடு வந்த முதல் பயணிகள் விமானம் இது, 1987 பிப்ரவரியில் துலூஸில் முதல் முறை பறந்தது. பறப்புக் கட்டுப்பாட்டுக்கு மட்டுமே ஏழு கணினிகள்: எலிவேட்டரையும் எய்லரானையும் பார்க்கும் எலாக் இரண்டு, ஸ்பாய்லரைப் பார்க்கும் செக் மூன்று, வாலில் நிற்கும் ரடரைப் பார்க்கும் ஃபாக் இரண்டு. ஒன்று சொல்வது சரியா என்று இன்னொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பின்னில் ஒரு நொடி தொடர்பு விட்டாலும் உடனே காக்பிட்டில் எச்சரிக்கை காட்டும் ஈகாம் திரையில் செய்தி வந்துவிடும், நாம் போய்ப் பார்க்கும்போது எல்லாம் பச்சையாக இருக்கும். இதைத்தான் எல்லோரும் புரியாத கோளாறு என்கிறார்கள்.

கோளாறே இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பயணிகள் அதிகம் பயப்படுவது கேபின் தரைக்கு அடியிலிருந்து வரும் நாய் குரைப்பது மாதிரியான சத்தத்துக்கு. அது பிடியூ, ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி. முதல் எஞ்சின் பச்சை என்று பெயரிட்ட ஹைட்ராலிக் அமைப்பை ஓட்டுகிறது, இரண்டாவது எஞ்சின் மஞ்சளை ஓட்டுகிறது, இரண்டிலும் சாதாரண அழுத்தம் 3000 பிஎஸ்ஐ. இரண்டுக்கும் நடுவில் 500 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிடியூ சுழன்று குறைந்த பக்கத்துக்கு அழுத்தம் ஏற்றும், ஏறியதும் நிற்கும், மறுபடி இறங்கும், மறுபடி சுழலும். ஒரே எஞ்சினில் டாக்ஸி செய்யும்போது இதைக் கேட்கலாம், இரண்டாவது எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அது தன்னையே சோதித்துக்கொள்ளும் சத்தமும் இதேதான். ஆனால் இரண்டு எஞ்சினும் நன்றாக ஓடும்போது வானத்தில் இதே சத்தம் விடாமல் கேட்டதாக கேபின் க்ரூ சொன்னால் அப்போது காது கொடுங்கள், ஒரு பம்ப் தளர்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். வாலில் இருக்கும் சிறு துணை எஞ்சினான ஏபியூவிலிருந்து எஞ்சின் ஜெனரேட்டருக்கு மின்சாரம் மாறும்போது விளக்கு ஒரு கணம் சிமிட்டுவதும், எஞ்சின் ஸ்டார்ட்டில் ஏசி காற்று நிற்பதும், சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊரில் மேலிருந்து புகை போல பனி இறங்குவதும் கோளாறு இல்லை.

சரி, நிஜமான செய்தி ஒன்று வந்திருக்கிறது. கேப்டன் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்குவதற்குள் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் போன பிறகு டெக் லாகில், அதாவது விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில், இருக்கும் ஒற்றை வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கேப்டன், மெசேஜ் வந்தப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க, ஏறிட்டு இருந்தீங்களா, க்ரூஸா? ஏதாவது சுவிட்ச் தொட்டீங்களா? தானா போச்சா, நீங்க ரீசெட் பண்ணீங்களா? மழை, மேகம், குலுக்கல் ஏதாவது?" என்று கேளுங்கள். ஈகாமில் வந்த வார்த்தைகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "ரடர் ப்ராப்ளம்" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் கோளாறு தேடும் கையேட்டில், அதாவது டிஎஸ்எம்மில், நுழைவதற்கான சாவி அந்தச் சரியான வார்த்தைகள்தான்.

அடுத்து காக்பிட்டில் எம்சிடியூ என்ற விசைப்பலகைத் திரையிலிருந்து பிஎஃப்ஆரை, அதாவது பறப்புக்குப் பிந்தைய அறிக்கையை, எடுத்து அச்சடியுங்கள். பலர் இதில் ஈகாம் எச்சரிக்கை வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். முக்கியமான விஷயம் கோளாறுச் செய்திகள் உள்ள பகுதியில் இருக்கிறது: எந்த நேரத்தில், பறப்பின் எந்தக் கட்டத்தில், எந்த ஏடிஏ எண்ணில் (விமானத்தின் எந்த அமைப்பு என்று சொல்லும் எண்), எந்தக் கணினி புகார் சொன்னது, வேறு எந்தக் கணினிகள் அதையே கவனித்தன என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். கட்டம் 06 என்றிருந்தால் புறப்பட்டு 1500 அடி தாண்டியதிலிருந்து இறங்கும்போது 800 அடி வரை உள்ள நேரம். ஒரே நிமிடத்தில் பத்துச் செய்தி வந்திருந்தால் பத்துப் பெட்டியும் கெட்டுப்போகவில்லை, பத்துக்கும் பொதுவான மின்சாரமோ ஒரு சென்சாரோ தடுமாறியிருக்கிறது, அதனால் முதலில் வந்த செய்தியைப் பிடியுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, தரை மின்சாரத்திலிருந்து ஏபியூவுக்கு மாறிய அதே நொடியில் வந்தவை பெரும்பாலும் மின்மாற்றத்தில் கிளம்பியவை, அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அப்புறம் பழைய பறப்புகள். எம்சிடியூவிலேயே முந்தைய பறப்புகளின் அறிக்கையைப் பார்க்கலாம், டெக் லாகையும் பின்னோக்கிப் புரட்டலாம். நேரம் இல்லை என்று இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய இந்தோனேசியா ஏர்ஏசியா 8501. அந்த ஏ320-ல் ரடர் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் ஆர்டிஎல்யூவில், முந்தைய 12 மாதத்தில் மட்டும் 23 முறை கோளாறு பதிவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்தார்கள், சோதனை பாஸ் ஆனது, விமானம் போய்விட்டது. விபத்து நடந்த நாளில் வானத்தில் அதே எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் விமானிகள் முறைப்படிச் செய்தார்கள். நான்காவது முறை ஃபாக் கணினிகளின் சர்க்யூட் பிரேக்கர் இழுக்கப்பட்டது. சில நாட்களுக்கு முன் தரையில் ஒரு பொறியாளர் அதே மாதிரி ரீசெட் செய்ததை அந்தக் கேப்டன் பார்த்திருக்கிறார். வானத்தில் அதைச் செய்ததும் ஆட்டோபைலட்டும் ஆட்டோத்ரஸ்ட்டும் விட்டுப்போயின, விமானம் இடது பக்கம் 54 டிகிரி வரை சாய்ந்தது, பிறகு இறக்கைகள் தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆகி ஜாவா கடலில் விழுந்தது, 162 பேரும் இறந்தார்கள்.

பிறகு அந்த எலக்ட்ரானிக் மாட்யூலைத் திறந்து பார்த்தபோது கிடைத்தது ஒரு சால்டர் விரிசல். இரண்டு சேனலிலும். மின்சாரம் போட்டு அணைப்பதும், தரையில் சூடும் மேலே குளிருமாக மாறி மாறி வருவதும் அந்த ஈயப் பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்திருக்கின்றன. விட்டு விட்டு வரும் கோளாறு என்பது இப்படித்தான் இருக்கும்: மேலே குளிரில் விலகும், கீழே வந்தால் சேர்ந்துகொள்ளும், நீங்கள் சோதிக்கும்போது நல்ல பிள்ளையாகச் சரி என்று சொல்லும்.

அதனால் ரீசெட் செய்வதற்கு முன் யோசியுங்கள். கையேட்டில் எந்தக் கணினியை, எப்போது, எந்த வரிசையில் ரீசெட் செய்யலாம் என்று அட்டவணையே இருக்கிறது, அதில் இல்லாததைத் தொடாதீர்கள். தரையில் செய்வதை வானத்தில் செய்யலாம் என்று எந்த விமானியும் நினைத்துவிடாதபடி, அவர் எதிரில் பிரேக்கர் இழுத்தால் "இது தரையில மட்டும்தான் கேப்டன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். செய்தி மறுபடி வந்தால் அதற்குப் பிறகு ரீசெட் கிடையாது, தேடல்தான்.

தேடலில் முதல் ஆசை பெட்டியை மாற்றுவது. பாதி நேரம் அந்தப் பெட்டி பணிமனைக்குப் போய் 'பழுது காணவில்லை' என்ற சீட்டோடு திரும்பி, இன்னொரு விமானத்தில் ஏறும். கையேடு அனுமதிக்கும் இடத்தில், பாகம் எண்ணும் மென்பொருள் பதிப்பும் ஒன்றாக இருந்தால், ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பெட்டியோடு நகர்ந்தால் பெட்டி. அதே பக்கத்தில் நின்றுவிட்டால் வயர், கனெக்டர், இல்லை அந்தப் பக்கத்துச் சென்சார். காக்பிட்டுக்குக் கீழே ஏவியானிக்ஸ் பே எனும் கணினி அறையில் பெட்டியை உருவியதும் டார்ச்சை எடுத்து ரேக்கின் பின்புறத்தைப் பாருங்கள்: ஒரு பின் லேசாக உள்ளே அமுங்கியிருக்கும், பச்சைப் படிவு இருக்கும், மேலே கழிவறையிலிருந்தோ சமையல் பகுதியிலிருந்தோ நீர் வழிந்த தடம் இருக்கும். க்ரூஸில் மட்டும் வந்தால் குளிரையும் காற்றழுத்தம் இல்லாத வால் பகுதியையும் சந்தேகியுங்கள், மழைக்குப் பிறகோ விமானத்தைக் கழுவிய பிறகோ வந்தால் ஈரத்தை, லேண்டிங் கியர் இறங்கும்போது வந்தால் சக்கரக் கூட்டில் மடங்கி நிமிரும் வயர்களை.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காத கோளாறும் உண்டு. 2008 அக்டோபர் 7-ல் குவாண்டாஸ் 72, இது ஏ330, மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரைக்கு அப்பால் இரண்டு முறை திடீரென்று மூக்கைத் தாழ்த்தி இறங்கியது, 119 பேருக்குக் காயம். வேகம், உயரம், நிலை ஆகியவற்றைக் கணித்து அனுப்பும் ஒரு ஏடிஐஆர்யூ பெட்டி உயரத்தின் எண்ணைத் தாக்குக் கோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. அந்தப் பெட்டி ஏன் அப்படிச் செய்தது என்பதை ஆஸ்திரேலிய விசாரணையாளர்களால் கடைசிவரை உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் அதே பெட்டி 2006-லும் அதே போலத் தடுமாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள், தவறான எண் வந்தாலும் விமானம் ஏமாறாதபடி கணினியின் கணக்கை ஏர்பஸ் மாற்றியது. 2025 அக்டோபர் 30-ல் கான்கூனிலிருந்து நெவார்க் போன ஒரு ஏ320 தானாக மூக்கைத் தாழ்த்தியது. தீவிர சூரியக் கதிர்வீச்சு எலாக்கின் தரவைக் கெடுக்கலாம் என்று ஏர்பஸ் அறிவித்து, நவம்பர் கடைசியில் சுமார் 6000 விமானங்களுக்கு உத்தரவு வந்தது, பலவற்றுக்குத் தீர்வு முந்தைய மென்பொருளுக்குத் திரும்புவதுதான். இந்த மாதிரிக் கோளாறை லைனில் நிற்கும் நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க மாட்டீர்கள், உங்களிடமிருந்து போகும் சுத்தமான தகவல் சேர்ந்து சேர்ந்துதான் உற்பத்தியாளருக்கு உருவம் தெரியும்.

அணைத்துப் போடுவதே சரியான வேலையாக இருக்கும் இடமும் உண்டு, அது எழுத்தில் வந்திருக்க வேண்டும். போயிங் 787-ல் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளின் எண்ணி நிரம்பி, மொத்த மாறுதிசை மின்சாரமும் போகலாம், அதற்குள் அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ 2015-ல் உத்தரவு போட்டது. ஏ350-க்கும் 149 மணி நேரக் கணக்கில் ஐரோப்பிய உத்தரவு ஒன்று இருந்தது. அங்கே காரணம் தெரியும், கெடு தெரியும், யார் செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

விமானம் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் எம்இஎல் இருக்கிறது, எந்தக் கோளாறோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல். கண்டுபிடித்த நாளை விட்டுவிட்டு பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள். இதை மறைக்கவோ கூச்சப்படவோ வேண்டியதில்லை, ரீசெட் செய்து மூடிய பதிவை விட எம்இஎல்லில் திறந்து வைத்த பதிவு எவ்வளவோ மேல், ஏனென்றால் அடுத்த ஷிப்ட் அதைப் பார்க்கும்.

டெக் லாகில் "ரீசெட் செய்தேன், சோதனை சரி" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பிஎஃப்ஆரில் வந்த செய்தி, நேரம், கட்டம், டிஎஸ்எம் பணி எண், கழற்றியதும் பூட்டியதுமான பெட்டிகளின் வரிசை எண், பார்த்த கனெக்டர், அதில் என்ன இருந்தது, எதை இன்னும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். இதே கோளாறு முன்பு வந்த தேதிகளையும் கீழே சேர்த்துவிட்டு, இரவு ஷிப்ட் எடுப்பவரிடம் பிஎஃப்ஆர் தாளைக் கையில் கொடுத்து, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போங்கள்.