பிரதானப் பாய்க்கு ரீஃப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்று வலுக்கும்போது பாய்மரப் படகின் பிரதானப் பாயைச் சற்று இறக்கி, அதன் அடிப்பகுதியை மடித்துப் பரப்பைக் குறைப்பதே ரீஃப் போடுவது. இதில் முதல் தவறு தாமதம். பாயின் மீதான விசை காற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 20 நாட் ஆகும்போதே விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். சுக்கான் கனத்து, படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்ப முயன்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. பின்காற்றில் ஓடும்போது ஏமாறுவது இன்னும் எளிது. 18 நாட் காற்றை நேர்பின்னால் வைத்து 6 நாட் வேகத்தில் செல்பவர் 12 நாட் காற்றையே உணர்வார்.

பாய் காற்றை முழுதாக ஏந்தியிருக்கையில் அதை இழுத்து இறக்க முயல்வது வீண் போராட்டம். காற்று முன்பக்கவாட்டில் வரும்படி படகைத் திருப்பி, பாயை உள்ளிழுக்கும் கயிறான மெயின்ஷீட்டையும், பாயின் அடிக்கழியான பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வாங்கையும் தளர்த்தினால் பாய் படபடத்து இலகுவாகும். பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹாலியார்டை இறக்குமுன், பூமின் பின்முனையைத் தாங்கும் கயிறான டாப்பிங் லிஃப்டை இறுக்க மறந்தால், பூமின் பின்முனை கீழே இருப்பவர்களின் தலைமேல் விழக்கூடும். பூமைத் தாங்கும் திறனுள்ள வாங் பொருத்திய படகுகளில் மட்டும் இந்தக் கவலை இல்லை.

வரிசை பிசகுவதே பாயைக் கெடுக்கிறது. பாயின் முன்விளிம்பிலுள்ள ரீஃபின் முன்வளையத்தைப் பூமின் முன்முனைக் கொக்கியில் மாட்டி, ஹாலியார்டை நன்கு முறுக்கேற்றிய பின்னரே பின்முனையின் ரீஃப் கயிற்றை இழுக்க வேண்டும். முன்விளிம்பு தொய்ந்திருந்தால் பாயின் வளைவு பின்னோக்கி நகர்ந்து, குறைக்க நினைத்த சாய்வு குறையாமலே நிற்கும். பின்முனைக் கயிறோ பாயைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் சேர்த்து இழுத்து, புதிய அடிவிளிம்பைத் தட்டையாக்க வேண்டும். அது அரைகுறையாக நின்றால், நடுவிலுள்ள சிறு கட்டுக்கயிறுகள் மீது சுமை இறங்கிப் பாய் அந்தத் துளைகளில் கிழியத் தொடங்கும். அந்தக் கயிறுகள் தொங்கும் துணியைச் சுருட்டி வைப்பதற்கு மட்டுமே என்பதால், இறுக்கிக் கட்டுவது அக்கறைபோலத் தோன்றினாலும் தவறுதான். பாயின் அடிவிளிம்பு பூமோடு பிணையாத படகுகளில் அவற்றைப் பூமைச் சுற்றாமல் மடிந்த துணியைச் சுற்றி மட்டும் கட்டலாம்.

இவை முடிந்ததும் டாப்பிங் லிஃப்டைத் தளர்த்திவிட்டு மெயின்ஷீட்டை இழுக்க வேண்டும்; மறந்தால் பூம் மேலேயே தொங்கிப் பாய் சரியாக அமையாது.

ரீஃபை அவிழ்க்கும்போது சிறு கட்டுகள் முதலிலும், பின்முனைக் கயிறு அடுத்தும், முன்வளையம் அதன் பின்னும் விடுபட வேண்டும். ஒரு கட்டு மிஞ்சியிருந்தாலும் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சின் பலம் துணியைக் கிழித்துவிடும். ஹாலியார்டு வழக்கத்துக்கு மாறாகக் கனத்தால் உடனே நிறுத்திப் பாயைக் கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டே தொடர வேண்டும்.